மரத்துல கட்டுன கேமராவும் பொட்டு வச்ச மானும்

பால்துரை, நீ டைப் பண்ணிட்டு இருக்கன்னு மேல காட்டுது. நிறுத்துல. நான் முடிக்கிற வரைக்கும் இந்த கோமதி மெஸ் குரூப்ல ஒருத்தனும் வாயைத் தொறக்கக் கூடாது. நாகர்கோவில் கோர்ட்ல நீ பெரிய வக்கீலா இருக்கலாம், இங்க வந்து குறுக்கு விசாரணை பண்ணாத. செய்யது, உனக்கும்தான் சொல்லுதேன். துபாய்ல கிரேன் ஓட்டுத வேலை உனக்கு, அதை ஒழுங்காப் பாரு, மேல இருந்துக்கிட்டு சிரிச்சு எதையாவது கீழ போட்டுறாத.

நேத்து நான் ஒரே ஒரு மான் போட்டோ போட்டேன். அதுக்கு என்ன சிரிப்பு சிரிச்சீங்க. மான் நெத்தியில குங்குமப் பொட்டு வச்சு எடிட் பண்ணிருக்கேனாம். ஏல, காலேஜ் ரெக்கார்டு நோட்டுல அடிக்கோடு நேராப் போடத் தெரியாம செய்யதுகிட்ட குடுத்து போட்டவன் நான். எனக்கா எடிட்டிங் தெரியும்? அது நெசமான மான். பொட்டும் நெசமான பொட்டு. நம்ம ஊர்ல இருந்து வந்த குங்குமம். முதல்ல இருந்து சொல்லுதேன், கேளுங்க. அடுப்புல அரிசி கெடக்கு, நடுவுல நடுவுல எந்திரிச்சுப் போவேன், பொறுத்துக்கணும்.

இங்க விஸ்கான்சின்ல நவம்பர் வந்தா மான் வேட்டை சீசன். லைசென்சு வாங்கிட்டு சட்டப்படி சுடலாம். என் மேனேஜர் டேலுக்குச் சொந்தமா ஒரு காடே இருக்கு. காட்டு நடுவுல மர வீடு. சீசனுக்கு அவரும் அவரு கூட்டாளிகளும் அங்க போயி ஒரு வாரம் கெடப்பாங்க. போன வருஷம் ஆபீஸ்ல சாப்பிடும்போது அதைப் பத்திப் பேசிட்டு இருந்தாங்க. என் வாயி சும்மா இருந்திருக்கலாம். இருக்கல. "நாங்கல்லாம் வேட்டைக்காரப் பரம்பரை"ன்னு சொல்லிட்டேன்.

என் பரம்பரை உங்களுக்குத் தெரியும். எங்கப்பா சங்கரன்கோவில்ல ஜவுளிக்கடை வச்சிருக்காரு. அவரு வாழ்க்கையில அடிச்ச பெரிய மிருகம் கரப்பான், அதுவும் ரெண்டாவது அடியிலதான் செத்துச்சு. ஆனா டேல் நம்பிட்டாரு. இந்த ஊர்க்காரங்ககிட்ட அது ஒரு கொறை, நீ சொன்னா நம்பிருவாங்க. "அப்ப அடுத்த சீசனுக்கு எங்களோட வா"ன்னுட்டாரு.

அதோட விட்டிருந்தா ஒண்ணும் இல்ல. பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சிருந்தோம்ல, அது சரியா வேட்டை சீசன் முடியுற வாரத்துச் சனிக்கிழமை. ஊர்ல இருந்து மாமனார் மாமியார் வந்தாச்சு. தமிழ்ச் சங்கத்துக் கூட்டத்துல எல்லாரையும் கூப்பிடச் சொல்லி என் கையில மைக்கக் குடுத்தாங்க. மைக்கு கையில வந்தா எனக்கு என்ன ஆகும்னு ஹாஸ்டல் டே அன்னைக்கே பாத்திருக்கீங்க. "எம்மவ காதுகுத்துக்கு கெடா இல்ல. மான். நானே வேட்டையாடிக் கொண்டாந்த மான்"னு சொல்லிட்டேன். ஹாலே கை தட்டுச்சு. முப்புடாதி மட்டும் தட்டல. அவ என் பொண்டாட்டி, அவளுக்குத் தெரியும்.

வண்டியில வரும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னா. "மான் வரலன்னா அன்னைக்கு அதே மைக்கப் பிடிச்சு நீங்கதான் சொல்லணும். ஊரையே கூட்டி வச்சுட்டு நான் சாம்பார் வாளியோட வந்து முன்னாடி நிக்க மாட்டேன்."

மாமனாருக்கு வேற கவலை. அவரு திருநெல்வேலி டெப்போவுல பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. நான் வீட்டுக்குள்ள வந்து மான் கறின்னு சொன்ன உடனே ஓடிப்போயி சன்னல் திரையை இழுத்து மூடிட்டாரு. மெதுவாப் பேசுங்க மாப்ள, பாரஸ்ட்காரன் காதுல விழுந்தா என் பென்ஷன் போயிரும்னு ஒரே நடுக்கம். இங்க சட்டம் வேற மாமான்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கவர்மென்ட்டு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் மாப்ளன்னுட்டாரு. அன்னைல இருந்து வீட்டுக்குள்ள மானுக்குப் பேரு 'அந்த ஐட்டம்'.

சரி, சும்மா போயி மரத்துல உக்காந்தா மான் வருமா? வராது. அது எங்க மேயுது, எந்தப் பக்கமா வருது, எப்ப வருதுன்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கணும். அதுக்குத்தான் கேமரா. டிபன் டப்பா சைஸ்ல இருக்கும், மரப்பட்டை கலர். காட்டுக்குள்ள ஒரு மரத்துல வாரால இறுக்கிக் கட்டிட்டு வந்துரணும். முன்னாடி எது அசைஞ்சாலும் தானா படம் எடுத்து நம்ம போனுக்கு அனுப்பிரும். மாமாகிட்ட காட்டினேன். "செக்கிங் இன்ஸ்பெக்டர் புளியமரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிப்பான்ல, அவன் வேலையத்தான் இந்த டப்பா பாக்குது"ன்னு ஒரே வரியில புரிஞ்சுக்கிட்டாரு.

புரிஞ்சுக்கிட்டதோட நிறுத்திருக்கலாம். அந்த வாரம் ஆயுத பூஜை வந்துச்சு.

மாமா வீட்டுல இருக்கிற சாமானை எல்லாம் வரிசையா அடுக்கிட்டாரு. லேப்டாப், மிக்ஸி, வேன் சாவி, பாப்பாவோட தள்ளுவண்டி, கூடவே என் கேமரா. எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சுக்கிட்டே வந்தாரு. கேமராகிட்ட வந்ததும் ஒரு நிமிஷம் யோசிச்சாரு, இதுக்கு நெத்தி எதுன்னு. முன்பக்கம் நடுவுல வட்டமா கண்ணாடி பளபளன்னு இருந்துச்சு. அதுதான் நெத்தின்னு முடிவு பண்ணி கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்கிட்டாரு.

மறுநாள் நான் லுங்கி முனையால துடைச்சேன். துடைச்சேன்னுதான் நெனைச்சேன். சந்தனம் போயிருச்சு. நட்ட நடுவுல குங்குமப் பொட்டு மட்டும் கண்ணாடியோட காஞ்சு ஒட்டிட்டு இருந்துருக்கு, நான் கவனிக்கல. இதை இப்பவே ஏன் சொல்லுதேன்னா, இதுக்கப்புறம் நான் பண்ணுன ஒவ்வொரு கூத்துக்கும் முட்டாள்தனம் எந்த சைஸ்னு நீங்களே அளந்துக்கிடலாம்.

பூஜைக்கு வச்ச பொரி, கடலை, வெல்லம் எல்லாத்தையும் மாமா ஒரு பையில கட்டிக் குடுத்தாரு. பிரசாதம் மாப்ள, கேமரா கட்டுத மரத்தடியில போட்ருங்க, வீணாப் போகக் கூடாதுன்னு. டேல்கிட்ட கேட்டுட்டு அப்படியே போட்டேன்.

ஆபீஸ் வந்து உக்காந்தேன். போன் டிங்குன்னுச்சு. முதல் படம். ஒரு பொட்டை மான், நேரா கேமராவை மோந்து பாக்குது. நெத்தி நடுவுல செக்கச் செவேல்னு பொட்டு.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு மக்கா. இப்படி ஒரு மான் இந்த நாட்டுல இருக்குன்னு டேல் சொல்லவே இல்லியேன்னு நெனைச்சேன். அடுத்த டிங்கு. இன்னொரு மான், அதுக்கு வயித்துல பொட்டு. அடுத்து ஒரு அணில், வால்ல பொட்டு. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. இந்தக் காட்டு அணிலுக்கு அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன். மரத்தைப் பாக்க டேல் வந்தாரு, அவரு படமும் வந்துச்சு, தொப்பைக்கு நடுவுல செவப்பா ஒண்ணு. கெட்சப் கொட்டிக்கிட்டாரு, பாவம், வயசாகுதுன்னு நெனைச்சேன்.

செய்யது, சிரிக்கிற பொம்மையா அனுப்பாத. நான் போட்டோவை மேல தள்ளித் தள்ளித் தேட வேண்டியிருக்கு.

இனிமேல்தான் விஷயமே. அந்தப் பொரி இருக்குல்ல, நம்ம பொரி, அதை அந்த மானுங்க பரம்பரையில எதுவுமே தின்னது கெடையாது. ஒண்ணு தின்னுட்டுப் போயி ஊருக்குள்ள சொல்லிருக்கு. மறுநாள் ஒரு குடும்பமே வந்துச்சு. அதுக்கு அடுத்து ரெண்டு மூணு தெரு சேந்து வந்துச்சு. அந்த வாரக் கடைசியில படத்துல மரமே தெரியல, மான்தான் தெரியுது. பக்கத்து மாவட்டத்துல இருந்தெல்லாம் வந்துருக்கு. எப்படித் தெரியும்னு கேக்காத பால்துரை, நடந்து வந்த களைப்பு மூஞ்சில தெரிஞ்சுது.

முதல்ல ஒரே தள்ளுமுள்ளு. நான் மாமாகிட்ட காட்டினேன். மாமா போனை வாங்கிப் பாத்துட்டு, பழக்க தோஷத்துல, "ஏறுனவங்க உள்ள போங்க, படியில நிக்காதீங்க"ன்னு ஒரு சத்தம் போட்டாரு. நம்ப மாட்டீங்க, அடுத்த படத்துல எல்லா மானும் வரிசையில நிக்குது.

வரிசையில நின்னுச்சாடே-ன்னு பால்துரை கேட்டாச்சு. ஆமாடே. கொம்பு வச்சது ஒரு பக்கம், குட்டி வச்சிருக்கது ஒரு பக்கம். கர்ப்பமா இருந்த ஒரு மானை முன்னாடி விட்டுட்டு மத்தது ஒதுங்கி நிக்குது. நம்ம ரேஷன் கடையில நீ இதைப் பாத்திருக்கியா?

அப்புறம் செவ்வாய் வெள்ளிக்கு மட்டும் கூட்டம் ஜாஸ்தி. வருது, மரத்தை மூணு சுத்து சுத்துது, கேமரா முன்னாடி வந்து கண்ணை மூடி நிக்குது, பொரி எடுத்துக்குது, போகுது. ஒரு மான் வாயில இலையைக் கவ்விட்டு வந்து மரத்தடியில வச்சுட்டுப் போச்சு. வேண்டுதல் போல. அதுக்கு என்ன கஷ்டமோ.

டிங்கு சத்தத்துல என்னால ஆபீஸ்ல வேலை பாக்க முடியல. ஒரு கஸ்டமருக்கு ஸ்கிரீனைக் காட்டிப் பேசிட்டு இருக்கும்போது நடு ஸ்கிரீன்ல ஒரு மான் வந்து கண்ணை மூடி நின்னுச்சு. அந்தம்மாவும் அவங்களை அறியாம கண்ணை மூடிட்டாங்க. அப்புறம் நாங்க கேட்ட எல்லாத்துக்கும் சரின்னுட்டாங்க. போன் சூடு தாங்காம சட்டைப் பையில வைக்க முடியல. முப்புடாதி அதுமேல தோசைக்கல்ல வச்சு மாமாவுக்கு ஒரு முட்டை தோசை ஊத்திக் குடுத்தா, மொறுமொறுன்னு வந்துச்சு. அதனாலதான் பாதிப் படம் அழிஞ்சு போச்சு, ஆதாரம் எங்கன்னு யாரும் கேக்கக் கூடாது.

இப்படிப் போயிட்டு இருக்கும்போதுதான் தலைவர் வந்தாரு.

அவரை மான்னு சொல்ல எனக்கே வாய் வரல. படத்துல முதல்ல கொம்பு வந்துச்சு. மறுநாள் மிச்சக் கொம்பு வந்துச்சு. அதுக்கு அடுத்த நாள்தான் மூஞ்சி வந்துச்சு. இடது கொம்புல ஒரு குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சு வச்சிருக்கு. வலது கொம்புல டேலோட தொப்பி தொங்குது, காணாமப் போயி ரொம்ப வருஷமாச்சாம், படத்தைக் காட்டுனதும் தொப்பிய மட்டும்தான் பாத்தாரு, கண்ணு கலங்கிருச்சு. தலைவர் நேரா வந்து கேமராவுக்கு முன்னாடி நெஞ்சை நிமித்தி நின்னாரு. நெத்தி நடுவுல, அளந்து வச்ச மாதிரி, அந்தப் பொட்டு.

நான் முடிவு பண்ணிட்டேன். அடிச்சா இந்தப் பொட்டு வச்சவரைத்தான் அடிக்கணும். சங்கமே உக்காந்து சாப்பிடலாம், மிச்சத்தை உப்புக்கண்டம் போட்டு ஊருக்குக் குடுத்து விடலாம்னு கணக்குப் போட்டேன். மாமா கும்பிட்டுட்டு, பொட்டு வச்சு வந்துருக்காரு, அவரை அடிக்கிறது பாவம் இல்லியா மாப்ளன்னாரு. நம்ம ஊர்ல கெடாவுக்குப் பொட்டு வச்சுட்டுத்தான மாமா வெட்டுதோம்னேன். அது சரிதான்னு உள்ள போயிட்டாரு.

ஆனா ஒரு சங்கடம். சீசனுக்கு முன்னாடி நோட்டம் பாக்க நான் காட்டுக்குப் போனா ஒரு மானும் இல்ல. நான் திரும்பி வந்து வண்டியில உக்காந்த உடனே டிங்கு, டிங்கு, டிங்கு. தலைவர் நான் உக்காந்திருந்த எடத்தை மோந்து பாக்காரு. நான் விட்டுட்டு வந்த வாழைப்பழத் தோலை ஒதுக்கி வைக்காரு. அப்புறம் ஒருநாள் ஒரு படம் வந்துச்சு, அதுல மானே இல்ல. மரத்துல கட்டுன பரண்ல ஒருத்தன் வாயைப் பொளந்து தூங்கிட்டு இருக்கான். உத்துப் பாத்தா நான். கேமராவை மானுங்க என் பக்கமாத் திருப்பி வச்சிருக்கு. நான் எப்ப வாறேன், எப்ப தூங்குதேன், எப்ப கொறட்டை நிக்கும்னு அங்க கணக்கெடுப்பு நடந்திருக்கு. வேட்டைக்கு நான் கேமரா வச்சா, அதை வச்சு அதுங்க என்னையப் பாத்துட்டு இருந்திருக்கு. ஒரு மாசமா எனக்கு ஜலதோஷம் இருந்தது முப்புடாதிக்கு முன்னாடி மானுங்களுக்குத் தெரியும்.

இருங்க, குக்கர்.

வந்துட்டேன். சீசன் தொடங்குச்சு. இங்க வேட்டைக்குப் போறவன் பளிச்சுன்னு ஆரஞ்சு கலர் கோட்டு போடணும், இல்லன்னா மான்னு நெனைச்சு உன்னையச் சுட்டுருவாங்க. நான் போட்டுட்டு நிக்கேன், மாமா பாத்துட்டு செருப்பைக் கழட்டிட்டாரு. "எந்தக் கோயிலுக்கு மாப்ள மாலை போட்டிருக்கீங்க"ன்னு. முப்புடாதி பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தா. கையில மைக்கு பிடிக்கிற மாதிரி காட்டிட்டு உள்ள போயிட்டா.

டேலோட கூட்டாளிகள் கூட்டத்துல ஒரு வழக்கம் இருக்கு. சுட்டுக் குறி தப்பினா அவன் சட்டையோட பின்பக்க வாலைக் கத்தரிக்கோலால வெட்டி, பேரு எழுதி, மர வீட்டுச் சுவத்துல ஆணியடிச்சுருவாங்க. சுவரு பூராவும் கட்டம் போட்ட துணியா தொங்கும். எங்கப்பா பாத்தா கட் பீஸ் கடைன்னு உள்ள வந்துருவாரு. என் சட்டை புதுசு. அதுக்காகவே நான் குறி தப்பக் கூடாதுன்னு இருந்தேன்.

பரண்ல ஏறி உக்காந்தேன். டேல் குடுத்த துப்பாக்கி மடியில. போன் கையில. குளிருன்னா என்ன குளிரு. நான் விட்ட கொட்டாவி வெளிய வந்து கட்டியாகி டப்புன்னு கீழ விழுந்துச்சு. மனசுக்குள்ள பேசுனது கூட உறைஞ்சு போயி, வீட்டுக்கு வந்து ஹீட்டர் கிட்ட உக்காந்தப்பதான் எனக்கே கேட்டுச்சு.

கொஞ்ச நேரத்துல ஒரு ஆண் மான் வந்துச்சு. நல்ல கொம்பு. துப்பாக்கியத் தூக்கினேன். ஆனா நெத்தியப் பாத்தேன். பொட்டு இல்ல. போனை எடுத்து படத்தோட ஒப்பிட்டுப் பாத்தேன், இது நம்ம ஆளு இல்லன்னு விட்டுட்டேன். அடுத்து ஒண்ணு வந்துச்சு. பொட்டு இல்ல. அடுத்து மூணு சேந்து வந்துச்சு. ஒண்ணுக்கும் இல்ல. நான் ஒவ்வொண்ணையும் படத்தோட வச்சுப் பாத்து பாத்து அனுப்பிட்டு இருக்கேன், ஏர்போர்ட்ல பாஸ்போர்ட் பாக்குறவன் மாதிரி. என் துப்பாக்கிக்கு முன்னாடி அன்னைக்கு ஒரு கல்யாண ஊர்வலமே போச்சு மக்கா. கொம்புக்கும் கொம்புக்கும் நடுவுல சுண்டு விரலை நுழைக்க எடம் இல்ல. எனக்குப் பொட்டு வச்சவரு வேணும்.

கடைசியில நெசமாவே தலைவர் வந்தாரு. அதே குருவிக்கூடு, அதே தொப்பி. நேரா என் பரணுக்குக் கீழ வந்து நின்னாரு. கொம்பு என் காலை இடிச்சுது. நான் பிளாஸ்க்கை வைக்க எடம் இல்லாம அவரு கொம்புலதான் மாட்டி வச்சேன். குனிஞ்சு நெத்தியப் பாத்தேன். துடைச்சு விட்ட மாதிரி சுத்தமா இருக்கு. பொட்டு இல்ல.

அவரு தம்பியா இருக்கும்னு நெனைச்சேன். ஜாடை அப்படியே இருக்குன்னு தோணுச்சு. "அண்ணாச்சி, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, எங்க ஆளு வாறதை மறைக்காதீங்க"ன்னு சொன்னேன். பெரிய மனுசன், ஒரு வார்த்தை பேசல. பிளாஸ்க்கை நான் எடுத்துக்கிற வரைக்கும் நின்னுட்டு, ஒதுங்கி, அப்படியே நடந்து போயிட்டாரு.

நடந்ததை எல்லாம் டேல் அந்தப் பக்கத்துப் பரண்ல இருந்து பாத்துட்டே இருந்திருக்காரு. இறங்கி வந்தாரு. வேட்டைக்காரப் பரம்பரைன்னு சொன்னியே, ஏன் சுடலன்னு கேட்டாரு. நான் பரண்ல இருந்து இறங்கி, பெருமையா போனைக் காட்டி விளக்குனேன். இது வேற மான், என்னோட மானுக்கு இங்க செவப்பா ஒண்ணு இருக்கும், நாங்க குறி வச்சா ஒண்ணைத்தான் குறி வைப்போம், மாத்த மாட்டோம்னு. டேல் என் போனை வாங்கினாரு. ஒரு படம் பாத்தாரு. அடுத்தது பாத்தாரு. அணிலைப் பாத்தாரு. அவரு தொப்பையப் பாத்தாரு. நேரா கேமரா கட்டுன மரத்துக்கு நடந்தாரு. கட்டை விரலை எச்சில் பண்ணி கண்ணாடியில ஒரு தேய் தேய்ச்சாரு. அந்த விரலை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. செவப்பு.

"மானுக்கு ஒண்ணும் இல்ல, ராஜ். உன் டப்பாவுக்குத்தான்."

அந்த எடத்துல நான் எப்படி நின்னேன்னு கேமரா ஒரு படம் எடுத்து எனக்கே அனுப்புச்சு. டிங்கு. பொட்டு இல்லாம, ரொம்பத் தெளிவா.

அன்னைக்கு மர வீட்டுல ஒரு பஞ்சாயத்து. குறி தப்பினவனுக்குத்தான் சட்டை வாலை வெட்டுவாங்க. சுடவே இல்லாம, நின்னு வழி சொல்லி அனுப்பி வச்சவனுக்கு என்ன தண்டனைன்னு அவங்க சட்டத்துல இல்ல. அவங்க அப்பா காலத்துலயும் இப்படி ஒருத்தன் வந்ததில்லையாம். ரொம்ப நேரம் பேசி, வாலு மட்டும் பத்தாதுன்னு முழுச் சட்டையவும் கழட்டி, கையை விரிச்சு வச்சு ஆணியடிச்சுட்டாங்க. மிச்ச நாளெல்லாம் தினமும் ஏறி உக்காந்தேன். ஒரு மானும் வரல. அதுங்களுக்கு என்கிட்ட இருந்து தெரிஞ்சுக்க ஒண்ணும் பாக்கி இல்ல. வெள்ளிக்கிழமை, பனியனுக்கு மேல ஆரஞ்சு கோட்டை மாட்டிட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வந்தேன்.

விடிஞ்சா காதுகுத்து. சங்கத்துல எல்லாரும் வாறாங்க, சில பேரு மான் கறி ஆசையில சிகாகோவுல இருந்து கெளம்பியாச்சு. வீட்டுல யாரும் இல்ல. முப்புடாதி மாமாவைக் கூட்டிட்டு வாழை இலை வாங்க வேன்ல போயிருந்தா, மாமியாரும் பாப்பாவும் உள்ள தூங்குதாங்க. நான் குளியலறைக் கண்ணாடி முன்னாடி நின்னு, ஷாம்பூ பாட்டிலை மைக்கா பிடிச்சு, 'அன்பார்ந்த பெரியோர்களே, தவிர்க்க முடியாத காரணத்தால்'னு சொல்லிப் பாத்துட்டு இருக்கேன். போன் அடிச்சுது. முப்புடாதி.

"ஏங்க, வீட்டுல பெரிய கத்தி எங்க வச்சிருக்கீங்க?"

நான் பாட்டிலைக் கீழ விட்டுட்டேன். செய்தி அவளுக்கு அதுக்குள்ள போயிருச்சு, வெட்டத்தான் வாறான்னு நெனைச்சேன். எதுக்குமான்னேன். மான் அடிச்சிருக்கேன், வந்து கேரேஜைத் தொறந்து வைங்கன்னு வச்சுட்டா.

என்ன நடந்துச்சுன்னா, இலை வாங்கிட்டு வரும்போது ரோட்டோரப் புதர்ல இருந்து ஒரு மான் பாய்ஞ்சு வேனுக்கு முன்னாடி விழுந்துருக்கு. பம்பர் போச்சு. மானும் போச்சு. இவங்களுக்கு ஒரு கீறல் இல்ல. இந்த ஊர்ல இது அடிக்கடி நடக்கிறதுதான். முப்புடாதி பதறாம போலீசுக்குப் போன் போட்டா. போலீஸ் வண்டி விளக்குப் போட்டுட்டு வந்துச்சோ இல்லையோ, மாமா இறங்கி ரெண்டு கையவும் தூக்கிட்டாரு. "நான் கவர்மென்ட் பஸ்ல முப்பது வருஷம் ஒரு மெமோ வாங்காதவன். இது என் மாப்ளையோட வேலை, அவரு அட்ரஸ் தாறேன்." தமிழ்ல. நல்லவேளை, தமிழ்ல.

போலீஸ்காரரு மானைப் பாத்தாரு, பம்பரைப் பாத்தாரு, இந்த மான் உங்களுக்கு வேணுமான்னு கேட்டாரு. மாமாவுக்கு மயக்கமே வந்துருச்சு, ஒத்துக்கச் சொல்லுதான் பாத்தியான்னு. முப்புடாதி வேணும்னா. எடுத்துட்டுப் போகலாம்னு அவரு ஒரு சீட்டு எழுதிக் குடுத்து, மானைத் தூக்கி வேன்ல வச்சு, கதவையும் சாத்தி விட்டுட்டுப் போயிட்டாரு. மாமா அந்தச் சீட்டைச் சட்டைப் பையில வச்சவரு, மறுநாள் பந்தி பூராவும் ஒவ்வொரு இலையாப் போயி எடுத்துக் காட்டுதாரு. சட்டப்படி வந்த ஐட்டம், பயப்படாம சாப்பிடுங்கன்னு. அவரு மட்டும் ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு.

சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் உக்காந்திருக்கும்போது மைக்கு வந்துச்சு. என் கைக்குத்தான் வந்துச்சு. நான் தொண்டையைச் செருமிட்டு, இந்த மான் கிடைச்ச வீர வரலாறுன்னு ஆரம்பிக்கப் போனேன். முன்வரிசையில முப்புடாதி பாப்பாவை மடியில வச்சுக்கிட்டு என்னையவே பாக்கா. கோவமெல்லாம் இல்ல. சும்மா பாக்கா. மைக்க மாமாகிட்ட குடுத்துட்டேன்.

மாமா பையில இருந்து ஒரு பொன்னாடையை எடுத்தாரு. கறி கொண்டாந்த ஆளுக்கு மரியாதை செய்யணும்னாரு. நான் கழுத்தைக் குனிஞ்சுட்டேன். குனிஞ்சபடியே நிக்கேன், ஒண்ணும் விழல. நிமிந்து பாத்தா மாமா என்னையத் தாண்டிப் போயி மவளுக்குப் போத்தி விட்டுட்டு இருக்காரு. ஹால் கை தட்டுச்சு. டேலும் கூட்டாளிகளும் வந்திருந்தாங்க, அவங்க எந்திரிச்சு நின்னு தட்டுனாங்க. டேல் நேரா முப்புடாதிகிட்ட போயி அடுத்த சீசனுக்கு நீங்கதான் வரணும்னு கூப்பிட்டாரு. பிள்ளையையும் சமையலையும் யாரு பாத்துக்கிடுவாங்கன்னு அவ கேட்டா. டேல் திரும்பி என்னையப் பாத்தாரு.

பால்துரை, இப்ப நான் சொல்லப் போறதை எழுதி வச்சுக்கோ. அவ பண்ணுனது ஸ்டியரிங்கப் பிடிச்சது, அவ்வளவுதான். மானைக் கொண்டாந்தது நான். தலைவர்தான் அது. நான் உயிரோட வழியனுப்பி வச்ச மரியாதைக்காக, காட்டை விட்டு வெளிய வந்து, மலை ஏறி ஆறு நீந்தி, எங்க வீட்டுப் பக்கத்து ரோடு வரைக்கும் விசாரிச்சுக்கிட்டே நடந்து வந்துருக்காரு. புதர் ஓரமா நின்னு எத்தனை வண்டிய போக விட்டிருக்காரு தெரியுமா? லாரி, ஜீப்பு, பாதிரியாரு கார், பள்ளிக்கூட பஸ்ஸுன்னு எல்லாம் போச்சு. ஒவ்வொரு வண்டி நம்பரையும் படிச்சுப் பாத்து, எங்க வேன் வந்த உடனே தொப்பியக் கழட்டி ஓரமா வச்சு, குருவிக்கூட்டை பத்திரமா பக்கத்து மரத்துக்கு மாத்திட்டு, அப்புறம்தான் குறுக்க வந்துருக்காரு. இது என் வேட்டை இல்லன்னு எந்தக் கோர்ட்டுல வேணாலும் வாதாடு.

ரெண்டு பேரும் டைப் பண்ணுததா காட்டுது. நின்னுருச்சு. மறுபடி காட்டுது.

பால்துரை போட்டுட்டான்: "தங்கச்சி நம்பரை அனுப்பு மாப்ள. உன்னைய எடுத்துட்டு அதை குரூப்ல சேக்கணும்." செய்யது அதுக்கு ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டிருக்கான்.

முப்புடாதிகிட்ட கேட்டேன். பொய் பேசுத ஆளு வீட்டுல ஒண்ணு போதும்னுட்டா.